மன்னார்த் தாம்போதியில் ஒரு காலை

வெளிநாட்டிலிருந்து தை, மாசியில் இலங்கைக்கு, ஊருக்குப் போகிறவர்கள் உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் நடுவே ஒரு நாளை மன்னாருக்கென்று எடுத்து வையுங்கள். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியை ஒட்டியே வங்காலைப் பறவைகள் சரணாலயம் விரிந்து கிடக்கிறது. 2008இல் சரணாலயமான இந்தச் சதுப்பு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கழி மழையில் நீர் நிறைந்திருக்கும். அது வற்றிச் சேறு தெரியத் தொடங்கும்போதுதான் உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் கரையோரம் வந்து மேயும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாகப் போகலாம். விடியுமுன் புறப்பட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து என்றால் தலைமன்னார் ரயிலில் ஏறி மன்னாரில் இறங்கி, ஓட்டோ பிடிக்கலாம். தொப்பி, குடிதண்ணீர், தொலைநோக்கி மூன்றும் கட்டாயம். வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது.

பூநாரைகளைப் பார்த்ததும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் பலர். தயவுசெய்து அரை மணித்தியாலமாவது நின்று பாருங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி இரையை வடித்தெடுக்கும். நடுநடுவே ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். பக்கத்தில் மிதக்கும் ஊசிவால் வாத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் அதே இனம்தான். அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியிலேயே பார்த்திருக்கக்கூடும்.

கூட்டம் எழும்பும் அழகுக்காகக் கைதட்டுவதையும் கல்லெறிவதையும் கண்டிருக்கிறேன். நெஞ்சு பதறும். வடதுருவக் கரைவரை திரும்பிப் போகவேண்டிய பறவைகளும் இவற்றுள் இருக்கின்றன. அந்தப் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை வெருண்டு பறக்கும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. ட்ரோனுக்கு அனுமதி பெற்றிருந்தாலும் இங்கே பறக்கவிடாதீர்கள். சேற்றுக்குள் இறங்கவும் வேண்டாம், வீதியோரத்திலிருந்தே போதுமானளவு தெரியும்.

பத்து மணிக்குமேல் கானல் எழுந்து எல்லாம் மங்கிவிடும். அப்போது நகரத்துக்குள் போய்ச் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு, வெயில் தாழக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போங்கள். அது நன்னீர்க் குளம் என்பதால் அங்கே காட்சியே வேறு: நீர்க்காகங்கள் பட்டமரங்களில் சிறகு விரித்து உலர்த்தும், இலைக்கோழி தாமரை இலைமேல் விரல் பரப்பி நடக்கும்.