வெள்ளநீர்ப் படுகையைப் பூங்காவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருமழையில் பாய்ந்து வரும் நீரைச் சில மணி நேரமோ சில நாளோ பிடித்து வைத்து, மதகு வழியாக மெல்ல வெளியேற்றுவதுதான் வெள்ளநீர்த் தேக்கப் படுகையின் வேலை. மற்ற நாட்களில் அங்கே பறவைகளும் வரலாம், பிள்ளைகளும் விளையாடலாம். வரவும் வேண்டும்.

ஆனால் அழகுபடுத்தும் ஆர்வத்தில் பலர் செய்யும் பெரிய தவறு, படகு விடலாம் என்று மதகை அடைத்து, வருடம் முழுக்க நீரை நிரப்பி வைப்பது. அப்புறம் வெள்ளம் வரும் நாளில் உள்ளே இடம் இருக்காது. நிரந்தரக் குளம் வேண்டுமா? மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள கொள்ளளவு வெள்ளத்துக்கு உரியது.

ஜப்பானின் யோகோஹாமாவில் த்சுருமி ஆற்றை ஒட்டிய படுகைக்குள் பெரிய விளையாட்டு அரங்கமே தூண்கள் மேல் நிற்கிறது. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயலின்போது ஆற்றுநீர் படுகைக்குள் புகுந்தது. மறுநாளே அந்த அரங்கில் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது! நீர் வரும் என்று எண்ணியே கட்டியதன் பலன் இது. மின்பெட்டியையும் கழிப்பறையையும் தாழ்வான இடத்தில் வைத்தால் இப்படி மீள முடியாது. விளையாட்டுத் திடலில் மரச்சீவல் பரப்புவதும் வேண்டாம். அது மிதந்துபோய் மதகின் கம்பி வலையை அடைத்துவிடும்.

அடுத்தது கரை. செங்குத்தான கான்கிரீட் சுவர் எழுப்பினால், தவறி விழுந்த குழந்தை ஏறி வர முடியாது. சேற்றில் இரை தேடும் பறவைக்கும் நிற்க இடமில்லை. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, செடிகொடிகள் மூடிய சரிவுகளோடு வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். நீர் ஏறினால் சைரன் ஒலிக்கும், விளக்கு எரியும். எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

மண்கரையின் மேல் பெரிய மரங்கள் நடாதீர்கள். வேர் மட்கிய துளை வழியே நீர் கசிந்து கரையே உடையலாம். கொசுவை ஒழிக்கிறோம் என்று எல்லாக் குட்டையிலும் மீன் விடுவதும் தவறு. தவளை முட்டைகளும் தட்டான் இளம்புழுக்களும் அவற்றுக்கு இரையாகிவிடும். படுகையைச் சுற்றிலும் நடைபாதை போடாமல், ஒரு பக்கத்தையாவது ஆள் நடமாட்டமில்லாமல் விட்டால்தான் பறவை கூடு கட்டும். புல்லையும் பகுதி பகுதியாக வெட்டுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் உடனே பூங்காவின் கதவைத் திறந்துவிட வேண்டாம். வண்டலில் சாக்கடைக் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். முதலில் அதை அள்ளி, கரையையும் மதகையும் பார்த்துவிட்டு ஆட்களை விடுங்கள்.