ஆமை ஓட்டுப் புதைபடிவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னீர் ஆமைப் புதைபடிவம் என்றால் பெரும்பாலும் உடைந்த ஓட்டுத் துண்டுகள்தான். முழு ஓடு கிடைப்பது அதிர்ஷ்டம், மண்டை ஓடும் சேர்ந்து கிடைத்தால் பேரதிர்ஷ்டம். உள்ளங்கை அளவுத் துண்டை வைத்தே அது என்ன ஆமை என்று சொல்லப் பழக வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்வதைப் பார்த்தால், ஒரு காலத்தில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றும். இடத்தைக் குறித்துவை, சீட்டு ஒட்டு என்பதையெல்லாம் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கோடுகளை ஒன்றாகப் படிப்பது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஆமை ஓட்டில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. ஒன்று, எலும்புத் தகடுகள் சேரும் பொருத்து. இன்னொன்று, எலும்புக்கு மேல் இருந்த செதில்களின் ஓரங்கள் பதித்துவிட்டுப் போன பள்ளம். செதில் அழிந்துவிடும், பள்ளம் மட்டும் மிஞ்சும். இரண்டும் ஒரே தடத்தில் போவதில்லை. நடுமுதுகில் எலும்புத் தகடுகள் பொதுவாக 8, செதில்கள் 5. விலாப் பக்கம் எலும்பு பக்கத்துக்கு 8, செதில் 4. கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒரு இணைப்பு இன்னொரு இணைப்பின் மேல் விழாமல் அமைந்திருக்கிறது.

இதைப் பிரிக்காமல் எல்லாக் கோட்டையும் எலும்பின் எல்லையாக வரைந்தால் என்ன ஆகும்? ஒரு மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில் எந்த ஆமைக்கும் இல்லாத அளவு எலும்புகள் இருந்தன. "சார், புது இனமா இருக்குமோ?" என்றார். சரி, வரைபடத்தைத் திரும்ப வரையலாம். இன்னொருவர் செய்ததைத் திருத்தவே முடியாது. இரண்டு துண்டுகள் ஒட்டவில்லை என்று, பொருத்து ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சமமாக்கியிருந்தார். அவை இரண்டு வெவ்வேறு ஆமைகளின் துண்டுகள்! இயல்பான பொருத்து ஓரம் பல்லோடு பல் கோத்த மாதிரி இருக்கும். உடைந்த ஓரத்தில் அந்தப் பற்கள் இருக்காது, நடுவில் துளைதுளையான எலும்பு தெரியும். ஒரு துண்டு எந்தத் தகடு என்று சொல்ல முதல் சாட்சி அந்த ஓரம்தான். பல இனங்களில் வயதாக ஆகப் பொருத்துகள் இறுகி மறைவதால், வளர்ந்த ஆமையா குட்டியா என்பதற்கும் அதுவே தடயம். அரம் பட்டதும் எல்லாம் போச்சு.

பரிணாமக் கதையும் இந்த இரண்டு கோடுகளில்தான் இருக்கிறது. கருவில் செதிலும் எலும்பும் தனித்தனியாக உருவாவதால், ஒன்று மாறாமல் இன்னொன்று மாறலாம். நம் ஊர்க் குளத்துப் பாலாமை சேர்ந்திருக்கும் மெல்லோட்டு ஆமைக் குடும்பம் செதில்களை மொத்தமாக விட்டுவிட்டது. எலும்பின் மேல் குழிகுழியான வேலைப்பாடு மட்டும் இருக்கும், செதில் பள்ளம் இருக்காது. அப்படி ஒரு துண்டு கிடைத்தால் "தேய்ந்துபோன மேற்பரப்பு" என்று எழுதிவைக்கிறார்கள். அங்கே தேய்வதற்கு ஒன்றும் இல்லை.

உள்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

வெளிப்பக்கம் அழகாக இருக்கிறது என்று அதை மேலே வைத்துப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் ஆமைகளுக்கு (பக்கக்கழுத்து ஆமைகள்) இடுப்பெலும்பு மேலோட்டோடும் வயிற்றோட்டோடும் இணைந்திருக்கும். தலையை நேராக உள்ளே இழுக்கும் ஆமைகளுக்கு அப்படி இல்லை. கழுத்தே கிடைக்காத புதைபடிவத்தில், ஓட்டின் உட்புறத்து இணைப்புத் தழும்புதான் இந்த இரண்டு பெருங்கிளைகளையும் பிரித்துக் காட்டும்.

படிந்த இடத்தை வாழ்ந்த இடமாக எழுதுவது

சீனாவின் குய்சோவில் கிடைத்த ஓடோன்டோகெலிஸ் என்ற ஆதி ஆமை பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. அந்த ஆமை சுமார் 22 கோடி ஆண்டு பழையது. வாயில் பல் உண்டு, வயிற்றோடு முழுசாக உண்டு, முதுகில் அகன்ற விலா எலும்புகளும் நடுத்தகடுகளும் மட்டும். அது கடல் படிவில் கிடைத்ததும், ஓடு நீரில்தான் தோன்றியது என்ற பேச்சு பலமாகக் கிளம்பியது. ஆனால் ஜெர்மனியில் கிடைத்த, முழு ஓடு கொண்ட ஆதி ஆமையான புரோகானோகெலிஸின் எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அது தரைவாசி என்றார்கள். ஆமைகளின் பழைய சொந்தமாகப் பலர் கருதும், தென்னாப்பிரிக்காவின் யூனோட்டோசாரஸ் சுமார் 26 கோடி ஆண்டு பழையது. அதன் அகன்ற விலா மண் தோண்டுவதற்காக வந்தது என்று 2016இல் ஒரு விளக்கம் வந்தது. உடல் செத்த பிறகு ஆறு அடித்துக்கொண்டு போகும். உடல் எங்கே படிந்தது என்பதை மட்டும்தான் கல் சொல்லும், மீதியைக் கை கால் எலும்புகளிடம் கேட்க வேண்டும்.

பெரியது என்றால் பழையது

இல்லை. 2.4 மீட்டர் ஓடு கொண்ட தென் அமெரிக்க ஸ்டுபெண்டெமிஸ், டைனோசர்கள் ஒழிந்து 5 கோடி ஆண்டுக்கும் பின்னால் வந்தது.

இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடுவது

"இந்தியாவில் பக்கக்கழுத்து ஆமையா? இருக்காதே!" இன்று இல்லைதான். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கம்தான் அவை வாழ்கின்றன. ஆனால் அரியலூர் பக்கம் கல்லமேட்டில், கிரெட்டேசியக் காலத்தின் (டைனோசர்களின் கடைசிக் காலம்) கடைசிப் பகுதியைச் சேர்ந்த ஆற்றுப் படிவிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு 2001இல் காஃப்னி, சாட்டர்ஜி, ருத்ரா என்ற ஆய்வாளர்கள் மூவரும் கூர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயரிட்டார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் மும்பையில் சங்குசெமிஸ், மடகாஸ்கரில் கின்கோனிகெலிஸ். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த ஆமைகள் அதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல் பிந்தியவை, ஆனாலும் உறவு தெரிகிறது. அரியலூர் என்றதும் அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) தேடிக் கடல் படிவுக்கே ஓடுகிறவர்கள் இந்த ஆற்று மண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மழை முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது

அதே கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் இப்போது இல்லை, சிதைந்து போயின. படங்கள்தான் மிச்சம்.

சூப்பர் க்ளூ

வேண்டாம். அசிட்டோனில் கரையும் பாராலாய்ட் பி-72 என்ற பிசின் வாங்குங்கள், தப்பாக ஒட்டினாலும் பிரித்துவிடலாம்.