செல்ஃப் செக்கவுட் மெஷின்ல பயப்படாம பில் போடுறது எப்படி: எங்க அத்தைக்குக் கத்துக்குடுத்த கதையோட

சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக் கிட்ட இருக்கற சூப்பர்மார்க்கெட்ல முன்னாடி வரிசையா காசாளர் கவுண்டரா இருக்கும். இப்ப ரெண்டுதான் இருக்கு, அதுலயும் மத்தியானத்துல ஒண்ணுதான் திறந்திருக்கும், மிச்ச இடமெல்லாம் மெஷின். எங்க அத்தை, அதாவது மாமியார், வயசு 71. அந்த ஒத்தை கவுண்டர்ல இருபது நிமிஷம் கால் கடுக்க நிப்பாங்களே தவிர மெஷின் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இதே அத்தை லைப்ரரிக்குப் போனா நாலு தமிழ் நாவல அடுக்கி மெஷின்ல வச்சு டக்குன்னு இரவல் எடுத்துட்டு வந்துருவாங்க. நம்மூர் லைப்ரரில அந்த ஆர்எஃப்ஐடி மெஷின் (புஸ்தகத்துக்குள்ள இருக்கற சில்ல, அதாவது சிப்ப, ரேடியோ அலைல படிக்கிறது) 1998ல புக்கிட் பாத்தோக்லயே வந்துருச்சு, அதனால அவங்களுக்கு மெஷின் ஒண்ணும் புதுசு இல்ல.

"அப்புறம் கடைல மட்டும் ஏன் பயம், அத்தை?"ன்னு கேட்டேன். "அங்க தப்பா அமுக்குனா புஸ்தகம் வராது, அவ்ளோதான். இங்க தப்பா அமுக்குனா திருடின்னுல்ல சொல்லுவான்" அப்படின்னாங்க. எனக்கு அப்பதான் விஷயமே புரிஞ்சுது. பட்டன் தெரியாததுதான் பிரச்சினைன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன், அத்தைக்கு மானப் பிரச்சினை.

அதனால இந்தப் பதிவுல எந்த ஐகான் எங்க இருக்குன்னு விளக்கப் போறதில்ல, அது கடைக்குக் கடை மாறும், நீங்களே பாத்துக்கலாம். எங்க நாங்க மாட்டுனோமோ அத மட்டும் நல்லா சொல்றேன்.

முதல்ல, எந்த மாதிரி மெஷின்னு பாருங்க

மூணு வகை இருக்கு. ஷெங் சியோங் சூப்பர்மார்க்கெட்ல பாத்திருப்பீங்க, பொருள ஸ்கேன் பண்றது காசாளர்தான், நாம பக்கத்துல இருக்கற மெஷின்ல காசு மட்டும் கட்டணும். பயப்படுறவங்களுக்கு ஆரம்பிக்க இதுதான் பெஸ்ட், அத்தைக்கும் நான் முதல்ல இதத்தான் பழக்குனேன். ரெண்டாவது வகைல எல்லாமே நம்ம தலைலதான், ஃபேர்பிரைஸ் மாதிரி கடைகள்ல இருக்கறது. மூணாவது யூனிக்லோ, டெக்கத்லான்ல இருக்கற மாதிரி. துணிய அந்தத் தொட்டில போட்டாலே விலை அட்டைக்குள்ள இருக்கற சில்ல படிச்சு தானா கணக்கு போட்டுரும், லைப்ரரி மெஷினோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க. அங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், திரைல காட்டுற எண்ணிக்கையும் உங்க கைல இருக்கற எண்ணிக்கையும் ஒண்ணான்னு பாக்கறது.

இனி நான் சொல்றதெல்லாம் ரெண்டாவது வகைக்கு.

பை

ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடியே பை விஷயத்த முடிச்சுருங்க. 2023 ஜூலை 3லேந்து பெரிய சூப்பர்மார்க்கெட்டுங்க ஒரு பைக்கு குறைஞ்சது 5 காசு வாங்கியே ஆகணும்னு சட்டம், அதனால மெஷினும் எத்தனை பைன்னு கேக்கும், இல்லன்னா பைலயே பார்கோடு இருக்கும், அதையும் ஒரு பொருள் மாதிரி ஸ்கேன் பண்ணணும். நிறைய பேர் இத மறந்துட்டுப் போறாங்க, 5 காசுதானேன்னு விட்டுறாதீங்க, மறக்காம அடிச்சுருங்க.

நீங்களே துணிப்பை கொண்டு போனா அத எப்ப வைக்கிறோம்ங்கறது முக்கியம். நான் முதல் தடவை மாட்டுனதே இங்கதான், கீழ எடை பத்தி சொல்லும்போது சொல்றேன்.

ஸ்கேன் பண்றது

பொருள கண்ணாடிக்கு மேல காட்டுங்க, பீப் சத்தம் வரும், விலை திரைல ஏறும். பீப் கேட்டா மட்டும் போதாது, திரையையும் பாக்கணும். பக்கத்து மெஷினோட பீப்ப நம்மோடதுன்னு நினைச்சு பொருள பைக்குள்ள போட்டுர்றதுதான் புதுசா வர்றவங்க பண்ற முக்கால்வாசி தப்பு. சத்தம் ஏமாத்தும், திரை ஏமாத்தாது.

ஐஸ் பெட்டிலேந்து எடுத்த மீன் பொட்டலம்னா பார்கோடு மேல பனி இருக்கும், விரலால துடைங்க. அப்பளம், முறுக்கு மாதிரி கசங்குற பாக்கெட்ட ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிங்க. கோடு கசங்கியிருந்தா மெஷின் தப்பான விலை போட்டுருமோன்னு அத்தை கேட்டாங்க. பெரும்பாலும் போடாது, ஏன்னா பார்கோடு நம்பர்ல கடைசி இலக்கம் மிச்ச இலக்கத்தையெல்லாம் சரிபாக்கறதுக்குன்னே இருக்கறது, கணக்கு ஒத்துவரலன்னா பேசாம இருந்துரும். (சும்மா ஒரு தகவல்: 888ன்னு ஆரம்பிச்சா அந்த நம்பர் சிங்கப்பூர்ல பதிஞ்சது, 890 இந்தியா, 955 மலேசியா. பொருள் எங்க செஞ்சதுன்னு இதுல தெரியாது, கம்பெனி நம்பர எங்க வாங்குச்சுன்னு மட்டும்தான். இத சொன்னதுலேந்து அத்தை வீட்டுல இருக்கற எல்லா டப்பாவையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்காங்க.)

உதிரிக் காய்கறி

கடைக்குள்ளயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுற இடம் இருந்தா அங்கயே முடிச்சுட்டு வந்துருங்க, அந்த ஸ்டிக்கர் பார்கோடு 2ன்னு ஆரம்பிக்கும், எடையோ விலையோ அந்த நம்பருக்குள்ளயே இருக்கும், மெஷின்ல பீப் ஒண்ணோட வேலை முடிஞ்சுது. ஸ்டிக்கர் இல்லாம மெஷின்லயே படத்தப் பாத்து காய தேர்ந்தெடுக்கற கடைன்னா ரொம்ப கவனம். வெங்காயத்துலயே நாலு வெங்காயம் இருக்கும், விலை குறைஞ்சத தெரியாம அமுக்கிட்டாலும் பாக்கறவங்களுக்கு அது வேற மாதிரிதான் தெரியும். என்னைக் கேட்டா, காய்கறிக்கு சூப்பர்மார்க்கெட்டே வேணாம், ஈரச்சந்தைக்கோ லிட்டில் இந்தியால இருக்கற தேக்காவுக்கோ போயிருங்க, கறிவேப்பிலையும் கேட்டு வாங்கலாம்.

எடைத்தட்டு, என்னைய அழ வச்ச இடம்

ஸ்கேன் பண்ண பொருள வைக்கிற இடத்துக்குக் கீழ பல மெஷின்ல ஒரு தராசு ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு பொருளும் எவ்ளோ கனம்னு மெஷினுக்கு முன்னாடியே தெரியும். 1 கிலோ உப்ப ஸ்கேன் பண்ணீங்கன்னா தட்டுல சுமாரா அந்தக் கனம் ஏறணும்னு எதிர்பாக்கும். ஏறலன்னாலும் கத்தும், கூட ஏறுனாலும் கத்தும்.

நான் என்ன பண்ணேன்னா, ரெண்டு மூணு பொருள் ஸ்கேன் பண்ணதுக்கப்புறம் ஞாபகம் வந்து துணிப்பைய எடுத்து தட்டு மேல வச்சேன். தெரியாத பொருள் இருக்குன்னு சத்தம் போட்டுச்சு. பதறிப்போய் பைய எடுத்தேன், அந்தப் பதட்டத்துல பையோட சேர்ந்து பால் டின்னும் வந்துருச்சு, உடனே பொருள எடுத்துட்டீங்கன்னு கத்துச்சு, டின்ன திரும்ப வச்சேன், அதுக்குள்ள சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிச்சுருச்சு, பின்னாடி வேற ஆறு பேர். கடை ஆன்ட்டி வந்து கார்டத் தட்டி சரி பண்ணிட்டுப் போறாங்க, நான் அடுத்த பொருள அவசரத்துல ட்ராலிலயே வச்சுட்டேன், மறுபடியும் விளக்கு. மூணு தடவை வந்தாங்க பாவம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து இனிமே அந்தக் கடைக்கே போறதில்லன்னு சபதம்லாம் போட்டேன். (மறுநாள் முட்டை தீந்துருச்சு, போயிட்டேன்.)

அதனால துணிப்பைய ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே தட்டுல விரிச்சு வச்சுருங்க, இல்லன்னா சொந்தப் பைன்னு பட்டன் இருந்தா அத அமுக்கிட்டு வைங்க. ஒண்ண ஸ்கேன் பண்ணா அத தட்டுல வச்சுட்டுத்தான் அடுத்தத தொடணும். காசு கட்டி முடிக்கிற வரைக்கும் தட்டுலேந்து எதையும் எடுக்காதீங்க, ஹேண்ட்பேக்கையும் அங்க சாய்ச்சு வைக்காதீங்க, பிள்ளைங்க கையையும் ஊன விடாதீங்க. அரிசி மூட்டை மாதிரி தூக்க முடியாதது இருந்தா ஆரம்பத்துலயே ஆன்ட்டிய கூப்பிட்டுச் சொல்லிருங்க, கைல பிடிக்கிற ஸ்கேனர் வச்சிருந்தா அடிச்சுக் குடுப்பாங்க.

விளக்கு எரிஞ்சா திருட்டுன்னு அர்த்தம் இல்ல, கணக்கு ஒத்துவரலன்னுதான் அர்த்தம். கைய மேல தூக்கிட்டு அப்படியே நில்லுங்க, நீங்களா எதையாவது எடுத்து வச்சு சரிபண்ணப் போனா இன்னும் குழம்பும். எல்லா மெஷின்லயும் தராசு இருக்காது, ஆனா இருக்கற மாதிரியே பழகிட்டா எங்க போனாலும் சிக்கல் இல்ல.

சிடிசி வவுச்சர்

அத்தை மெஷின் கத்துக்க ஒத்துக்கிட்டதே, அரசாங்கம் வீட்டுக்கு வீடு குடுக்கற இந்த வவுச்சருக்காகத்தான். வவுச்சர் 2, 5, 10 வெள்ளியா (டாலர்) இருக்கும். பாதி உணவங்காடிக்கும் பேட்டைக் கடைக்கும் (குடியிருப்புப் பக்கத்துல இருக்கற சின்னக் கடை), பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு, ஒண்ண இன்னொண்ணுல செலவு பண்ண முடியாது. வீட்டுக்கு ஒருத்தர் சிங்பாஸ்ல (அரசாங்க சேவைக்கான டிஜிட்டல் அடையாளம்) எடுத்துட்டு அந்த லிங்க்க வாட்ஸ்அப்ல மத்தவங்களுக்கு அனுப்பிக்கலாம். லிங்க்க திறந்து, சூப்பர்மார்க்கெட் பக்கத்துக்குப் போய், வேணுங்கற வவுச்சர தொட்டு, கியூஆர் வர வச்சு மெஷின்கிட்ட காட்டணும். மீதிச் சில்லறை கிடைக்காது, அதனால பில் 13 வெள்ளி 40 காசுன்னா 10ம் ஒண்ணு, 2ம் ஒண்ணு எடுங்க, மிச்சத்த கார்டுல கட்டுங்க.

இப்ப நாங்க மாட்டுன கதை. அவசரத்துல நான் முதல்லயே கார்டுன்னு அமுக்கிட்டேன், வவுச்சர் அப்புறமா கேக்கும்னு நினைச்சு. மெஷின் கார்டுக்காக காத்துட்டு இருக்கு, அத்தை போன நீட்டுறாங்க, கியூஆர் படிக்கிற இடமும் கார்டு தட்டுற இடமும் ஒரு சாண் தூரம்தான். டிங்குன்னு சத்தம், ரெசிட் வந்துருச்சு. வவுச்சர் அப்படியே இருக்கு, 38 வெள்ளி சொச்சம் போயிருச்சு. என்னடா மாயம்னு பாத்தா அத்தை போன் கவரோட மடிப்புக்குள்ள பேங்க் கார்டு! போன நீட்டுனப்ப கார்டும் தட்டிக்கிச்சு. கஸ்டமர் சர்வீஸ்ல போய் நின்னு, அந்த பில்ல ரத்து பண்ணி, எல்லாத்தையும் மறுபடி அடிச்சு, அரை மணி நேரம் போச்சு. அங்க இருந்த பையன் மூஞ்சிய காட்டுனதுதான் இன்னும் கடுப்பு.

அதனால வவுச்சர் முதல்ல, மிச்சக் காசு கடைசில. கார்ட போன் கவர்ல வைக்காதீங்க. அப்புறம் திரை வெளிச்சத்த முழுசா ஏத்திக்குங்க, மங்கலா இருந்தா ஸ்கேனர் படிக்காது, நீங்க வவுச்சர்தான் தப்போன்னு நினைச்சுட்டு நிப்பீங்க.

காசு கட்டுறது, ரெசிட்

நான் நெட்ஸ் கார்டு ஆளு. போன்ல காசு கட்டுற பேலாவோ பேநவ்வோ உங்க இஷ்டம், ஆனா வரிசைல பின்னாடி ஆள் நிக்கும்போது ஆப்ப திறந்து கைரேகை வச்சு ஸ்கேன் பண்றதுக்குள்ள கார்டுல தட்டிட்டுப் போயிரலாம். பணத்தாள் வாங்காத மெஷின் நிறைய இருக்கு, அதனால அத்தை மாதிரி கைக்காசு கட்டுறவங்க ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே அத பாத்துக்குங்க.

ரெசிட்ட கண்டிப்பா எடுங்க, கடைக்கு வெளிய வர்ற வரைக்கும் கைலயே வச்சிருங்க. நம்மூர்ல 2024ல மட்டும் 4,237 கடைத்திருட்டு கேஸ் பதிவாகியிருக்கு, அதுல செல்ஃப் செக்கவுட்ல நடந்தது எத்தனைன்னு பிரிச்சுச் சொல்லல, ஆனா கடைக்காரங்க உஷாரா இருக்காங்க. தண்டனைச் சட்டம் 380ம் பிரிவுல 7 வருஷம் வரைக்கும் சிறை போட முடியும். படிச்சு பயந்துறாதீங்க, திருட்டுன்னு ஆக நேர்மையில்லாத எண்ணம் இருக்கணும். ட்ராலி அடில ஒரு சோப்பு கிடந்தத வெளிய வந்து பாத்தீங்கன்னா, நேரா திரும்பிப் போய் ஆன்ட்டிகிட்ட காட்டி காசு கட்டிருங்க. நான் ஒரு தடவை அப்படிப் போனேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

வீட்டுலயே ஒத்துவராத கருத்துங்க

எங்க வீட்டுக்காரருக்கு மெஷின்னா உயிர், யார்கிட்டயும் பேச வேணாமாம். கீழ்வீட்டு அங்கிள் நேர்மாறு, "பொருளும் நானே வாங்கி, பில்லும் நானே போட்டு, பையும் நானே கட்டுறேன், சம்பளம் யார் குடுப்பா? விலையிலயாவது பத்து காசு குறைச்சானா?"ன்னு கேப்பாரு. அதுல நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா அந்த ஒரு ஆன்ட்டி ஆறு மெஷினுக்கு நடுவுல ஓடிட்டு இருக்கறத பாத்தா, கோவத்த அவங்க மேல காட்டுறதுல அர்த்தமே இல்ல. என் கணக்கு இதுதான்: பத்து பொருளுக்குள்ளன்னா மெஷின், தீபாவளி சாமான் மாதிரி ட்ராலி நிறைய இருந்தா காசாளர். முஸ்தபா கடைல மாதக் கணக்குக்கு வாங்கினா காசாளரே அடிச்சு, பை வாயையும் கட்டிக் குடுத்துருவாங்க, அந்த நிம்மதியே தனி.

பின்சேர்க்கை

இத போட்டதுக்கப்புறம் ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தாங்க. பியர் வாங்குனா மெஷின் நின்னுருதுன்னு ஒருத்தர். வயசு பாக்கறதுக்காக நிக்குது, ஸ்டாஃப் வந்து பாத்து விடணும், நரைச்ச தலையா இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாதுல்ல. ராத்திரி 10:30லேந்து காலைல 7 வரைக்கும் கடைல மது விக்கவே கூடாதுங்கறதால அந்த நேரத்துல யார் வந்தாலும் வேலைக்காகாது.

ஒரே பொருள் ரெண்டு தடவை ஏறிட்டா என்ன பண்றதுன்னு யீஷுன்லேந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. நிறைய மெஷின்ல நாமளா நீக்க முடியாது, ஸ்டாஃப் கார்டு வேணும். காசு கட்டுறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க, கட்டுனதுக்கப்புறம்னா கஸ்டமர் சர்வீஸ் வரிசைதான், அங்க எப்படின்னு மேலயே சொல்லிட்டேன்.

அத்தை இப்ப தனியாவே போறாங்க. போன வாரம் தயிரும் ரொட்டியும் வாங்கிட்டு வந்தாங்க, ரெசிட்ட ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க, ஏன்னு கேட்டா யாராவது கேட்டா காட்டணும்லங்கறாங்க.