பாஸ்வேர்டு சரி, பைட்டுதான் தப்பு: தமிழ் யூசர்நேமும் ஜாவா லாகினும்

தமிழில் யூசர்நேம் வைத்த ஒரு ஜாவா தளத்தில் லாகின் ஆகவில்லை என்று புகார் வந்தால், பாஸ்வேர்டை ரீசெட் செய்து கொடுப்பதுதான் பெரும்பாலானவர்களின் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். புது பாஸ்வேர்டும் அதே கெட்ட வழியாகத்தான் டேட்டாபேஸுக்குள் போகும். கோளாறு கொஞ்ச நாள் பதுங்கியிருந்து, அடுத்த முறை சர்வரை மாற்றும்போது மொத்தமாக வெளியே வரும்.

நான் மதுரையில் இருந்துகொண்டு பிறர் எழுதிவிட்டுப்போன ஜாவா தளங்களைப் பராமரிப்பவன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடையின் கணக்குத் தளமும் என் பொறுப்பு. பூ அனுப்பும் ஊர்ப் பெயரையே அங்கே ஏஜெண்டுகளுக்கு யூசர்நேமாக வைத்திருக்கிறார்கள்: மேலூர், திருமங்கலம், சோழவந்தான், கொட்டாம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர். முகூர்த்த நாள் என்றால் விடியுமுன்னே போன் வரும். "தம்பி, சோழவந்தான்காரர் உள்ள போக முடியலங்கிறாரு, மேலூர்காரர் போறாரு." இப்படி ஒரு வரி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தமிழ்ப் பெயர் வைத்த எல்லோருக்கும் லாகின் மறுக்கிறதா, சிலருக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் என்கோடிங், அதாவது எழுத்தை பைட்டுகளாக எழுதிப் படிக்கும் முறை. சிலருக்கு மட்டும் என்றால் அநேகமாக என்கோடிங் இல்லை. அதே எழுத்து இரண்டு விதமாகத் தட்டச்சு ஆகியிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திரையில் தெரியும் குப்பையை வகை பிரியுங்கள்

குப்பையிலும் வகை உண்டு. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள், தரவு சாகவில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஹெக்ஸில் (பதினாறு அடிப்படை எண்ணில்) இ0 (E0), இரண்டாவது ஏஇ (AE) அல்லது ஏஎஃப் (AF). அந்த பைட்டுகளை யாரோ ஐஎஸ்ஓ-8859-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். இ0 அந்த ஏ-யாகவும், ஏஇ அந்த வட்ட ஆராகவும் ஆகிவிட்டன. தப்பாகப் படித்ததைத் திருப்பிப் படித்தால் சரியாகிவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறி என்றால் செய்தி மோசம். தமிழே தெரியாத ஒரு என்கோடிங்கில் எழுத முயன்று, ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டார்கள். பேக்கப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் தலைகீழ்க் கதை: யூடிஎஃப்-8 அல்லாத பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று படித்திருக்கிறார்கள். வெறும் கட்டம் கட்டமாக இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை, சர்வரைத் தொடாதீர்கள்.

இன்னொரு வகையும் இங்கே நிறைய வரும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியலை அப்படியே எக்செல்லில் ஒட்டித் தருவார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு போட்டால் தமிழ் மாதிரி தெரியும். எந்த ஃபில்டரும் (ரிக்வெஸ்ட்டை வழியில் பிடித்துப் பார்க்கும் நிரல்துண்டு) இதைச் சரிசெய்யாது. யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு டேட்டாபேஸில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுத்தாகப் பார்க்க வேண்டாம், பார்க்கும் மென்பொருளும் தன் பங்குக்கு மாற்றிக் காட்டும். மைஎஸ்கியூஎல் என்றால் ஹெக்ஸ் ஃபங்ஷனை யூசர்நேம் நெடுவரிசையின்மேல் ஓட்டுங்கள். 'மதுரை' என்பது சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இ0 ஏஇ ஏஇ, இ0 ஏஇ ஏ4 என்று தொடங்கி மொத்தம் 15 பைட் இருக்கும். கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி. சி3 ஏ0 சி2 ஏஇ என்று தொடங்கினால் இரண்டு முறை என்கோடு ஆகியிருக்கிறது. 3எஃப் 3எஃப் 3எஃப் என்றால் அதெல்லாம் கேள்விக்குறி. ஜாவா பக்கமும் இதே கதைதான்: லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) யூசர்நேமை எழுத்தாக அச்சிடாமல், ஒவ்வொரு குறியின் எண்ணையும் ஹெக்ஸில் அச்சிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எந்த வடிவத்திலும் லாகில் எழுதாதீர்கள், சோதனைக்காகக்கூட.

ரிக்வெஸ்ட்டை முதலில் படிப்பது யார்?

என்கோடிங் பிரச்சினையில் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். பிரவுசர் ஃபார்மை போஸ்ட் செய்யும்போது என்கோடிங் எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சர்வ்லெட் (ஜாவா வெப் நிரல்) விதி. இதை மாற்ற செட்கேரக்டர்என்கோடிங் இருக்கிறது. ஆனால் ஃபார்மில் வந்த மதிப்பை எடுக்கும் கெட்பாராமீட்டரை யாராவது ஒரு முறை கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு இதைக் கூப்பிட்டும் பயனில்லை. பிழை எதுவும் வராது, சும்மா கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் "கோடில் யூடிஎஃப்-8 போட்டிருக்கே" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

லாகினைக் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டி நூலகம் உள்ள பழைய தளமென்றால், தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லைத் திறந்து ஃபில்டர் மேப்பிங்குகளின் வரிசையைப் பாருங்கள். கேரக்டர்என்கோடிங்ஃபில்டர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அது செக்யூரிட்டி ஃபில்டருக்குக் கீழே இருந்தால், போலி ரிக்வெஸ்ட்டைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனைத் தேடும்போதே பாராமீட்டர்கள் படிக்கப்பட்டுவிடும். யூசர்நேம் அப்போதே கெட்டுவிட்டது. ஃபில்டரில் ஃபோர்ஸ் என்கோடிங்கையும் ட்ரூ என்று வையுங்கள். ஸ்பிரிங் பூட்டில் இந்த ஃபில்டர் தானாகவே முதலில் வந்து யூடிஎஃப்-8-ஐக் கட்டாயமாக்குகிறது. சர்வ்லெட் 4.0 முதல் வெப்.எக்ஸ்எம்எல்லிலேயே ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். புதுத் தளமென்றால் நான் அதைத்தான் போடுவேன்.

ஃபில்டர் போட்டும் பயனில்லாத இடம் ஒன்று உண்டு. ஜே_செக்யூரிட்டி_செக் என்ற முகவரிக்கு ஃபார்மை அனுப்பி, லாகினை ஜாவா வெப் சர்வரான டாம்கேட்டே பார்த்துக்கொள்ளும் முறையில், அந்த வேலையைச் செய்யும் வால்வு (டாம்கேட்டின் சொந்த ஃபில்டர் மாதிரி) உங்கள் ஃபில்டர்களுக்கு முன்னால் ஓடுகிறது. அது யூசர்நேமை எடுத்துச் சோதித்து முடித்த பிறகுதான் உங்கள் ஃபில்டருக்கு முறை வரும், வந்தாலும் வேலை இருக்காது. கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் ஃபார்ம்ஆத்தன்டிகேட்டர் வால்வை எழுதி, அதன் கேரக்டர்என்கோடிங் பண்பில் யூடிஎஃப்-8 கொடுங்கள். பேசிக் ஆத்தென்டிகேஷன் என்றால் அதன் வால்வில் சார்செட் பண்பு இருக்கிறது.

கெட் முறையில், அதாவது முகவரியோடு ஒட்டி, வரும் பாராமீட்டர்கள் தனிக் கணக்கு, அவற்றுக்கு இந்த ஃபில்டர் பொருந்தாது. டாம்கேட் 7 வரை முகவரியை ஐஎஸ்ஓ-8859-1 என்றுதான் படித்தது. 8 முதல் யூடிஎஃப்-8. பழைய டாம்கேட்டை விட முடியாதவர்கள் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டரின் யூஆர்ஐஎன்கோடிங்கை மாற்ற வேண்டும். ஜேஎஸ்பி பக்கங்களில் பேஜ்என்கோடிங்கும் கான்டென்ட்டைப்பும் இரண்டுமே யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். இன்க்ளூட் செய்யும் துண்டுக் கோப்புகளிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

பாஸ்வேர்டு ஹேஷ்: இங்கேதான் பயப்பட வேண்டும்

பழைய தளங்களில் பாஸ்வேர்டை எஸ்எச்ஏ-256 ஹேஷாக (திருப்பி எடுக்க முடியாத குறியாக) மாற்றும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே எழுத்தை பைட்டாக்கும் கெட்பைட்ஸ் என்பதன் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் கவனியுங்கள். ஜாவா 17 வரை, அந்த வெற்று கெட்பைட்ஸ் கம்ப்யூட்டரின் இயல்பான என்கோடிங்கைப் பயன்படுத்தும். நம் ஊர் விண்டோஸ் மெஷின்களில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252. மொழி அமைப்பு எதுவும் தராத லினக்ஸ் கன்டெய்னரில் ஆஸ்கி. இரண்டுக்கும் தமிழ் தெரியாது, ஆகவே ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி.

விளைவை யோசித்துப் பாருங்கள். 'சோழவந்தான்' என்று பாஸ்வேர்டு வைத்தவருடைய ஹேஷ், பத்துக் கேள்விக்குறிகளின் ஹேஷ். பத்துக் குறி வருகிற எந்தத் தமிழ்ச் சொல்லைத் தட்டினாலும் கதவு திறக்கும். சால்ட் (ஹேஷுக்கு முன் கலக்கும் தற்செயல் பைட்டுகள்) சேர்த்தாலும் இதே கதைதான். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சரியான பாஸ்வேர்டுக்கும் அது திறக்கத்தானே செய்கிறது! 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் இயல்பு என்கோடிங் எங்கும் யூடிஎஃப்-8. ஜாவாவை அந்தப் பக்கம் ஏற்றிய அன்று, தமிழ் பாஸ்வேர்டு வைத்தவர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். பழியைப் புது ஜாவாவின் மேல் போட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஓட்டையை மறுபடி திறந்து வைப்பதுதான் அது.

கெட்பைட்ஸுக்குள் ஸ்டாண்டர்ட்சார்செட்ஸின் யூடிஎஃப்_8-ஐ வெளிப்படையாகக் கொடுங்கள். இன்னும் நல்லது, ஸ்பிரிங் செக்யூரிட்டியில் உள்ள பிகிரிப்ட் என்ற பாஸ்வேர்டு ஹேஷ் முறைக்கு மாறிவிடுங்கள், அது உள்ளுக்குள் யூடிஎஃப்-8-ஐத்தான் பயன்படுத்துகிறது. கேள்விக்குறியில் இருந்து பிறந்த பழைய ஹேஷ்களை ஏற்காதீர்கள். இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் ரீசெட் கட்டாயம் வேண்டும், அதுவும் கோடைச் சரிசெய்த பிறகு. பிகிரிப்ட் ஹேஷ் 60 எழுத்து. நெடுவரிசையின் நீளம் 50 என்றால் வெட்டுப்பட்டு ஒருபோதும் பொருந்தாது. பிகிரிப்ட் 72 பைட்டுக்குமேல் பார்க்காது என்பதையும் மனதில் வையுங்கள். தமிழில் அது 24 குறி. ஒரு குறள் வரியை பாஸ்வேர்டாக வைப்பவருக்கு வால் பகுதி கணக்கில் வராது.

சோழவந்தானுக்கு மட்டும் ஏன்?

'மேலூர்' என்பதில் இல்லாதது 'சோழவந்தான்' என்பதில் என்ன? ஓகாரக் குறி. 'சோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: சகரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பான ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. ஜாவாவின் ஈக்வல்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. 'கொட்டாம்பட்டி'யிலும் இதே தொல்லை, ஒன்றில் 13 குறி, மற்றதில் 14. புதுக் கீபோர்டுகள் பொதுவாக ஒற்றைக் குறியைத் தரும். சில பழைய மென்பொருள்களும் எழுத்துரு மாற்றிகளும் பிரித்து வைக்கும். அலுவலகத்தில் பதிந்தது ஒரு விதம், ஏஜெண்ட் போனில் தட்டுவது இன்னொரு விதம்.

மருந்து எளிது. ஜாவா.டெக்ஸ்ட் தொகுப்பில் நார்மலைசர் இருக்கிறது. அதில் என்எஃப்சி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பிரிந்தவை சேர்ந்துவிடும். பதிவு செய்யும்போதும் லாகினிலும் தேடலிலும், மூன்று இடத்திலும் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுக்கும் ஹேஷ் செய்யுமுன் இதே சிகிச்சை.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்கும் அடங்காது. 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. ஶகரத்தில் தொடங்கும் நான்கு குறிகளையும் ஸகர வடிவத்துக்கு மாற்ற நீங்களே ஒரு ரிப்ளேஸ் எழுதிக்கொள்ளுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதை யூசர்நேமில் தானாக மாற்றுவது ஆபத்து, 'தெளிவு' என்பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் நியாயமாகவே அடுத்தடுத்து வருகின்றன. அதைக் கையால் பார்த்துத் திருத்துங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியையும் கவனியுங்கள். ட்ரிம்மும் ஸ்ட்ரிப்பும் அதை நீக்குவதில்லை.

எழுத்தே சம்பந்தப்படாத லாகின் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாம்கேட் 408 என்று சொன்னால், லாகின் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், செஷன் காலாவதி. 400 என்றால் லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்திருக்கிறார். வால்வில் லேண்டிங்பேஜ் கொடுத்தால் தீரும். சரியான பாஸ்வேர்டு போட்டும் லாகின் பக்கத்துக்கே திரும்ப வந்தால் குக்கியைப் பாருங்கள்: செக்யூர் என்று குறித்த செஷன் குக்கி சாதா எச்டிடிபியில் திரும்பி வராது.

இரண்டு முறை என்கோடு ஆன பழைய யூசர்நேம்களைத் திருத்துவது கடைசி வேலை. என்கோடிங் ஃபில்டரைச் சரிசெய்த உடனே இதையும் செய்தாக வேண்டும். இதுவரை கெட்டுப்போன பெயரும் கெட்டுப்போன உள்ளீடும் ஒன்றோடு ஒன்று பொருந்தி லாகின் ஓடிக்கொண்டிருந்தது, இனி பொருந்தாது. மைஎஸ்கியூஎல்லிலேயே லத்தீன்1 வழியாக மாற்றிவிடலாம் என்று இணையத்தில் சொல்வதை இங்கே நம்ப வேண்டாம். மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252. சர்வ்லெட் கெடுத்தது ஐஎஸ்ஓ-8859-1 வழியாக. ஹெக்ஸில் 80 முதல் 9எஃப் வரை உள்ள பைட்டுகளில் இரண்டும் வேறுபடும். அகரம், ககரம் எல்லாம் அந்த எல்லைக்குள் முடிகிறவை, ஆகவே அவை கேள்விக்குறியாகிப் போகும். பேக்கப் எடுத்துக்கொண்டு சின்ன ஜாவா நிரல் ஒன்றில் செய்யுங்கள்: பெயரை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக எடுத்து, அந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று படித்துப் புது ஸ்ட்ரிங் ஆக்கி, என்எஃப்சி ஓட்டி, இன்னொரு நெடுவரிசையில் எழுதுங்கள். சி3 ஏ0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் தொடுங்கள். திருத்தியதில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகு பழைய நெடுவரிசையை மாற்றலாம்.