சட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அமெரிக்கக் குடியேற்றங்களும் மதச் சகிப்பும்

"மதச் சுதந்திரம் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. 1630-இல் மாசசூசெட்ஸ் வந்த பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்த கண்டிப்பான புராட்டஸ்டண்ட்டுகள்) தேடியது தங்கள் வழிபாட்டுக்கு ஓர் இடம். அதில் மற்றவர்களுக்குப் பங்கு தரும் எண்ணமே இல்லை. அதை அவர்கள் ஒளித்ததும் இல்லை. மதத்தை வைத்து அரசு யாரையும் தண்டிக்கக் கூடாது என்ற போதகர் ரோஜர் வில்லியம்ஸை 1635-இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். போதகரோ சடங்கோ வேண்டாம் என்ற கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் பாடு இன்னும் மோசம். துரத்திய பிறகும் திரும்பி வந்தால் தூக்கு. மேரி டையர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்குமேடை வரை கொண்டுபோய்க் கடைசி நிமிடத்தில் விட்டார்கள். அடுத்த வருடமே அவர் திரும்பி வந்தார். 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

சரி, இன்னோர் ஆங்கிலேயக் குடியேற்றமான மேரிலாந்தில் 1649-லேயே சகிப்புச் சட்டம் இருந்ததே என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அந்தப் பெயரை நம்பியவன்தான். உள்ளே படித்தால், பாதுகாப்பு இயேசுவை நம்புகிறவர்களுக்கு மட்டும். திரித்துவத்தை (தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற நம்பிக்கையை) மறுத்தால் மரண தண்டனை! அதே சட்டம், அடுத்தவரைப் 'பாப்பிஸ்ட்' (போப்பின் ஆள், அதாவது கத்தோலிக்கர்) என்றோ 'பியூரிட்டன்' என்றோ இழித்துப் பேசினால் அபராதமும் விதித்தது. குடியேற்றத்தின் உரிமையாளர் கத்தோலிக்கர், குடிமக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட்டுகள். சிறுபான்மைக்கு ஒரு கேடயம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1654-இல் பியூரிட்டன்கள் கை ஓங்கியதும் அந்தக் கேடயமும் போயிற்று.

சகிப்பு என்றால் நல்ல மனசு என்று நினைப்பதும் தவறு. டச்சுக் குடியேற்றமான நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு (இன்றைய நியூயார்க்) வந்த யூதர்களை வெளியேற்ற ஆளுநர் ஸ்டைவெசன்ட் துடித்தார். அந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655-இல் அதை மறுத்தது. டச்சுக்காரர்கள் பிரேசிலைப் போர்ச்சுகீசியரிடம் இழந்தபோது யூதர்கள் பட்ட நஷ்டமும், கம்பெனியில் அவர்கள் போட்டிருந்த முதலும்தான் அது சொன்ன காரணங்கள்.

அப்புறம், சகித்துக்கொண்டவர்களுக்கு மதப்பற்று குறைவு என்ற நினைப்பு. வில்லியம்ஸ், தன்னைத் துரத்தியவர்களை விடக் கறாரான விசுவாசி. அரசு கை வைத்தால் திருச்சபை கெட்டுப்போகும் என்பதே அவர் பயம். அவர் ஊன்றிய ரோட் ஐலண்ட், குவேக்கர்களை வெளியேற்றச் சொல்லி அக்கம்பக்கத்துக் குடியேற்றங்கள் 1657-இல் நெருக்கியபோது மறுத்துவிட்டது. 1672-இல் வில்லியம்ஸே குவேக்கர்களோடு நாள்கணக்கில் வாதாடி, அவர்கள் கொள்கை முழுக்கத் தவறு என்று அடித்துப் பேசினார்.