டிமென்ஷியா இருக்கற அம்மாக்கு ஆள் வைக்கும்போது நாங்க பண்ணின தப்புங்க

அம்மாக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் கழிச்சுதான் எங்க வீட்ல ஆள் வச்சோம். "வெளி ஆள் எதுக்கு, நாமளே பாத்துக்கலாம்"னு சொன்னது மாசம் ஒரு தடவ சென்னைக்கு வந்து போற அண்ணன், ராத்திரி மூணு மணிக்கு வாசல் கேட்டை ஆட்டிக்கிட்டு "எங்க வீட்டுக்குப் போணும்"னு நிக்கிற அம்மாவ உள்ள கூட்டிட்டு வந்தது நானு. கடைசில எனக்கே பிரஷர் ஏறினப்புறம் அவசர அவசரமா வீட்டுக்கு ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு போன் போட்டேன். அம்மா ஓரளவு தெளிவா இருந்தப்பவே வாரத்துல ரெண்டு நாள் ஒருத்தர வரவச்சிருந்தா அந்த முகமாவது பழகியிருக்கும்.

அதவிட பெரிய தப்பு, போன்ல "வயசானவங்க, லேசா மறதி"ன்னு பூசி மெழுகினது. வெக்கம்தான், வேற என்ன. வந்த பொண்ணு டயப்பர் மாத்துறதுல கெட்டி, ஆனா படுத்த படுக்கையா இருக்கறவங்கள மட்டுமே பாத்துப் பழகினவ, அம்மா "என் வளையல திருடிட்டா"ன்னு கத்தினதும் பதிலுக்கு சண்டைக்கு நின்னு மூணாம் நாளே கெளம்பிட்டா. வளையல் அரிசி டப்பால இருந்துச்சு, பாவம் அந்தப் பொண்ணு! அதனால சந்தேகப்படறது, சாயங்காலமானா பதட்டமாறது, குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறது எல்லாத்தையும் முதல்லயே உடைச்சு சொல்லிடுங்க, டிமென்ஷியா பேஷண்ட பாத்த அனுபவம் இருக்கான்னு கேளுங்க, வர்றது நர்ஸா, இல்ல கூட இருந்து பாத்துக்கற அட்டெண்டரான்னும் கேளுங்க, ஏன்னா ஊசி போடறது அட்டெண்டர் வேலை இல்ல. நகைய லாக்கர்ல வச்சிடுங்க.

ஆள் வந்தாச்சுன்னு நாம கழண்டுக்கக் கூடாது. ரெண்டே நாள்ல குழப்பம் திடீர்னு கூடிச்சுன்னா வியாதி முத்திடுச்சுன்னு நினைச்சு விட்டுடாதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், புதுசா ஆரம்பிச்ச மாத்திரைன்னு எதுவா வேணா இருக்கலாம், டாக்டர்ட்ட காட்டணும். எங்க அம்மாக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், நாலு நாள் லேட்டா கண்டுபிடிச்சோம்.

ஏஜென்சிய மட்டும் நம்பினதும் தப்புதான். சென்னைல ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்பு டிமென்ஷியாக்குன்னே சேவை நடத்துறாங்க, அல்சைமர் சொசைட்டி 1992ல கேரளால ஆரம்பிச்சது, இங்கயும் கிளை இருக்கு, கிண்டில 2024ல திறந்த தேசிய முதியோர் மருத்துவமனைல 200 படுக்கை. யார கேக்கறதுன்னே தெரியலன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567.

பேப்பர் வேலைய தள்ளிப்போட்டது இன்னொன்னு. அம்மா அப்பாக்குப் பதிலா நாம கையெழுத்து போடற பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா எழுதிக் குடுத்தவங்களுக்கு விஷயம் புரியற நிலை போயிடுச்சுன்னா நம்ம ஊர் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது, அப்புறம் கார்டியன்னு போட்டுக்க கோர்ட்டுக்குத்தான் அலையணும். தெளிவா இருக்கும்போதே உயில், பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட் எல்லாம் வக்கீல்ட்ட பேசி முடிச்சிடுங்க.

அட்டெண்டர் லீவு போடற நாளுக்கு யாருன்னும் முன்னாடியே பேசி வைங்க. எங்க வீட்ல ரெண்டாவது ஞாயித்துக்கிழம அண்ணன் முறை, முதல் தடவ வந்து ஒரு ராத்திரி பாத்ததுக்கே மறுநாள் காலைல "நைட்டுக்கும் ஒரு ஆள் போட்டுடலாமா?"ன்னு அவனே கேட்டான்.