கரும்புத் தோட்டத்து ஊரின் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கூம்பில் இருந்த சர்க்கரை ஆலை 1990-களில் மூடப்பட்டது. கரும்பு விளைந்த மேடுகளில் இப்போது கோல்ஃப் திடலும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிஸ்தப்பா ரெட்டி கட்டிய விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் அக்கோயிலுக்கு நடந்து வந்தவர்கள் எந்த பாரக்ஸ் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரிசையிலிருந்து வந்தார்கள் என்று கை நீட்டிக் காட்டக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இத்தகைய சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்பும் புதியவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: எல்லையைச் சுருக்குங்கள்

நட்டால் (டர்பன் உள்ள பகுதி, இன்றைய குவாசுலு-நட்டால் மாகாணம்) தமிழர் வரலாறு முழுவதையும் எழுத உட்காராதீர்கள். ஒரு பாரக்ஸ் வரிசை, ஒரு கோயில் தெரு அல்லது ஊரார் காசு சேர்த்துக் கட்டிய ஒரு பள்ளி போதும்.

இரண்டாம் படி: வரைபடம்

பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து, ஏனெனில் காப்பகத்துத் தாள் நூறாண்டு கழித்தும் இருக்கும், எண்பது வயதுத் தாத்தா இருக்கமாட்டார். ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, மூன்று நான்கு முதியவர்களை ஒன்றாக உட்காரவைத்து, தண்ணீர்க் குழாய், சிர்தார் (தொழிலாளர்களை மேற்பார்த்தவர்) வீடு, கடை, கால்பந்துத் திடல், ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் "எல்லாம் மறந்துபோச்சு" என்பவர், பக்கத்தில் இருப்பவர் கடையைத் தவறான மூலையில் வரைந்தால் உடனே எழுந்து திருத்துவார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பென்சில் கொடுங்கள், முரண்பட்ட கோடு எதையும் அழிக்காதீர்கள். இரண்டு கடைகள் வெவ்வேறு காலத்தில் இருந்திருக்கலாம் என்பது அந்தச் சச்சரவிலிருந்துதான் தெரியவரும்.

மூன்றாம் படி: பேச்சைப் பதிவுசெய்தல்

கைபேசியே போதும், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவரின் பெயர், அவர் தந்த அனுமதி ஆகியவற்றைக் குரலிலேயே பதியுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது, ஆயா?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்ற ஒரே சொல்லோடு பதில் முடிந்துவிடும். "திங்கட்கிழமை விடியலில் முதலில் யார் எழுந்திருப்பார்கள், அடுப்பில் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஃபனகலோவும் (ஜூலுவும் ஆங்கிலமும் கலந்த வேலைத்தள மொழி) கலந்த பேச்சை எழுத்தில் பெயர்க்கும்போது செந்தமிழாக்கிவிடாதீர்கள், ஏனெனில் அந்தக் கலப்பும் ஊர் வரலாற்றின் ஒரு பகுதியே.

நான்காம் படி: கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை வந்தடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குப் பதிவாகியுள்ளனர். ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட காலனி எண்ணோடு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலடையாளம், வேலைக்குச் சேர்த்த முதலாளி ஆகிய விவரங்கள் பேரேட்டில் உள்ளன. டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இதற்கு நல்ல தொடக்க இடம்.

புதியவர்கள் தடுமாறுவது பெயரில்தான். இன்றைய கோவெண்டர், மூட்லி, நாய்டூ என்ற குடும்பப் பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது; கப்பலேறியவர் வெறும் முனுசாமியாகவோ செல்லம்மாவாகவோதான் பதிவானார், கவுண்டர், முதலியார் என்ற பட்டங்களும் தந்தையின் பெயரும் பிற்காலத்தில்தான் குடும்பப் பெயராக இறுகின. எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டதால், செல்லம்மா 'ச'கரத்துக்குரிய ஆங்கில எழுத்துகளில் எதிலும் தொடங்கலாம், முனியம்மா மூனியம்மாவாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் பழைய திருமணச் சான்றிலோ பிறப்புச் சான்றிலோ காலனி எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண் கிடைத்தால் எழுத்துக்கூட்டல் தொல்லை தீர்ந்துவிடும். ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால், முதலில் மாவட்டத்தையும் (வட ஆற்காடு அடிக்கடி வரும்) தாலுகாவையும் உறுதிசெய்துகொண்டு, பிறகு அந்தத் தாலுகாவின் கிராமப் பெயர்களோடு ஒப்பிடுங்கள்.

நிகழ்வுகளையும் இந்த விவரங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1913 நவம்பரில், ஒப்பந்தம் முடிந்தும் நட்டாலில் தங்கியவர்கள் மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்த வேலைநிறுத்தத்தின்போது மவுண்ட் எட்ஜ்கூம்ப் தோட்டங்களில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உங்கள் வரைபடத்தில் வரும் வரிசைகளில் அன்று யார் வேலை செய்தார்கள் என்று பட்டியலைக் கொண்டு தேடும்போது, பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக இருந்த செய்தி ஊர்க்காரர்களின் செய்தியாகிவிடுகிறது.

ஐந்தாம் படி: படங்களும் தாள்களும்

என் பாட்டியின் பழைய சான்றிதழை நானே லாமினேட் செய்து கெடுத்தவன் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்: லாமினேட் வேண்டாம், ஒட்டும் டேப்பும் வேண்டாம். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, அசலை அமிலமற்ற உறையில் வையுங்கள். படத்தில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக, பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

ஆறாம் படி: கல்லறையும் கட்டடமும்

தமிழ் எழுத்துள்ள கல்லறைக் கற்களைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெளியும். கட்டடத்துக்கு தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் துணை நிற்கிறது: 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. குவாசுலு-நட்டாலில் அந்த அமைப்பு அமஃபா. கோயிலுக்கு மட்டுமன்றி, மரமும் தகரமுமான பழைய வீட்டுக்கும் இது பொருந்தும். எனவே வீட்டின் வயதைக் காட்டும் ரசீதோ வரைபடமோ கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

கடைசிப் படி: பிரதிகள்

மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம், ஒன்று கோயில் குழுவிடமோ நூலகத்திடமோ. கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், பெயர் மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு பிரதியோடும், எது எங்கே இருக்கிறது என்று கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வையுங்கள். கணினியின் கடவுச்சொல்லை உங்களைவிட இளையவர் இருவரிடமாவது சொல்லி வையுங்கள்.